கோமதிக்கு, பேரன் முதுகைப் பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும் கூடவே நீ மடித்து வைத்திருந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் நகலும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. போனிலேயே பேசிவிடலாமே என்றார் இவர். பேசினால் நீ பாதியில் அழ ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. மருமகனுக்கும் படித்துக் காட்டு, முக்கியமாக மாவட்டக் கிரிக்கெட் அணித் தேர்வைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தை.

முதலில் உன் பெரிய பயம். வேகப்பந்து போட்டு முதுகு வலிக்கிற பையனுக்குத் தண்டுவடம் பாதித்துக் கால் விழுந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறாய். அவனுக்கு வலிக்கும் இடத்தில் தண்டுவடமே கிடையாதடி. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் வளர்ந்தவர்களுக்கு இடுப்பு முள்ளெலும்பு ஐந்தில் முதலாவது, இரண்டாவது மட்டத்தோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள்தான் கொத்தாக இறங்குகின்றன. அவனுக்குக் கோளாறு எல்-5, அதாவது கடைசி எலும்பில். உனக்கு சிசேரியன் செய்தபோது ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் ஊசி போட்டார்களே, அது இந்த தைரியத்தில்தான். இப்போதே எழுந்து நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்து எலும்பின் மேல்விளிம்பைத் தேடு. இரண்டு பக்க விளிம்பையும் முதுகுப் பக்கமாகக் கோடு போட்டுச் சேர்த்தால் அது நாலாவது எலும்பின் மேல் போகும். மயக்க டாக்டர் அன்றைக்கு விரலால் தடவித் தேடியது அந்தக் கோட்டைத்தான். அந்த மட்டத்தில் ஊசி தண்டுவடத்தைத் தொடாது.

ஆனால் ஒன்று. மூத்திரம், மலம் போவது தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தடுக்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. அவனுக்கு அப்படி வரும் என்று ரிப்போர்ட்டில் அறிகுறி எதுவும் இல்லை. இருந்தாலும் வீட்டில் பெரியவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது அந்த எலும்பைப் பற்றிச் சொல்கிறேன். மருத்துவம் படிக்கும் காலத்தில் சீனியர் அக்காவிடம் வாங்கிய எலும்பு செட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து எல்-5ஐ எடுத்து முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முன்பக்கம் கனத்த உருளை. மேலிருந்து பார்த்தால் சிறுநீரக வடிவம். உடம்பின் பாரம் பெரும்பாலும் இதில்தான் இறங்குகிறது. கழுத்து எலும்போடு ஒப்பிட்டால் இடுப்பு எலும்பு எவ்வளவு பெரியது என்று முதலாண்டுப் பிள்ளைகள் வியந்துபோவார்கள். கீழே போகப் போகத் தாங்க வேண்டிய எடை கூடுகிறதல்லவா?

பின்பக்கம் ஒரு எலும்பு வளையம். நரம்புகள் அதற்குள் போகின்றன. அந்த வளையத்திலிருந்து ஏழு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் ஒன்று, முதுகில் விரல் வைத்தால் தட்டுப்படுவது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மேல்நோக்கி இரண்டு, கீழ்நோக்கி இரண்டு. இந்த நாலும்தான் மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் மூட்டாகச் சேர்பவை. நெஞ்சுப் பகுதியில் இந்த மூட்டுகள் உடம்பைத் திருப்ப இடம் கொடுக்கும். இடுப்பிலோ அவை நெட்டுக்குத்தாக நிற்பதால் குனியலாம், நிமிரலாம், ஆனால் திரும்ப முடியாது. ஒவ்வொரு இடுப்பு எலும்பும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் திரும்பாது. நாம் இடுப்பைத் திருப்புவதாக நினைப்பதெல்லாம் நெஞ்சுக்கூட்டிலும் தொடை மூட்டிலும் நடப்பதுதான்.

எல்-5க்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்கு அடியில் இருக்கும் சேக்ரம் என்ற முக்கோண எலும்பின் மேல்தளம் முன்பக்கம் சரிந்திருக்கும். அந்தச் சரிவில்தான் மேலே இருக்கும் உடம்பு முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. வழுக்கி முன்னால் போகாமல் இருப்பதற்குப் பெரிய காரணம், எல்-5இன் கீழ் முனைகள் இரண்டும் சேக்ரத்தின் முனைகளைக் கொக்கி போலப் பிடித்திருப்பது. எலும்பின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய பாலம் இருக்கிறது. பார்ஸ் என்பார்கள். ரிப்போர்ட்டில் இடது பக்கம் நீர் கோத்திருப்பதாக எழுதியிருப்பது இதில்தான். என் கையில் இருக்கும் எலும்பில் அந்த இடம் என் சுண்டுவிரலை விட மெல்லியது.

பக்கவாட்டில் சாய்த்து எடுத்த எக்ஸ்ரேயில் இந்த வளையம் சின்ன நாய்க்குட்டி மாதிரி தெரியும். மூக்கு, காது, கண், முன்னங்கால் எல்லாம் இருக்கும். பார்ஸ்தான் அதன் கழுத்து. விரிசல் விழுந்தால் கழுத்தில் பட்டி கட்டியது போல ஒரு கறுப்புக் கோடு தெரியும். எத்தனையோ பேட்ச் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கிறேன், ஒருத்தர்கூடப் பரீட்சையில் மறந்ததில்லை. உன் பேரனுக்கு அந்தப் பட்டி இன்னும் விழவில்லை. எலும்புக்குள் நீர் கோத்திருப்பதை மட்டும் எம்.ஆர்.ஐ. காட்டியிருக்கிறது. விரிசலுக்கு முந்தைய கட்டம் இது. ஒரே பக்கத்தில் வேறு இருக்கிறது. இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்து ஓய்வு கொடுத்தால் எலும்பு நன்றாகக் கூடிவிடும். நீ இதை விதி என்று எழுதியிருக்கிறாய், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல நேரத்தில் தெரியவந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

'இத்தனை பிள்ளைகள் விளையாடுகிறார்கள், இவனுக்கு மட்டும் ஏன்' என்று கேட்டிருந்தாய். வேகப்பந்து போடும்போது நடப்பதைப் பார். ஓடி வந்து முன்காலை ஊன்றும் கணத்தில், தரையிலிருந்து திரும்பி வரும் விசை உடம்பு எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் இருக்கும். அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, வலக்கைக்காரன் என்றால் இடது பக்கமாகச் சாய்ந்து, திருகியும் இருக்கும். மேலே இருக்கும் எல்-4இன் கீழ் முனை வந்து எல்-5இன் பார்ஸ் மேல் அழுத்தும். அவனுக்கு இடது பக்கம் வலிப்பது அதனால்தான். வலக்கை வேகப்பந்து வீச்சாளர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கமும், இடக்கைக்காரர்களுக்கு வலது பக்கமும் வரும். ஒரு தடவை அழுத்தினால் எதுவும் ஆகாது. பள்ளி மேட்ச், கிளப் மேட்ச், காலை நெட், சாயங்கால நெட் என்று நீ எழுதியிருக்கும் கணக்குக்கு, எலும்புக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள இடைவெளியே கிடைத்திருக்காது. அதுவும் அவன் வயது பதினாறு. இடுப்பு முள்ளெலும்பு உடம்பில் கடைசியாக உறுதிப்படும் எலும்புகளில் ஒன்று. அது முழு உறுதிக்கு வர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் எந்த வயதுப் பையன் தொடர்ந்து போடும் ஒரு ஸ்பெல்லுக்கும் ஒரு நாளைக்கும் எத்தனை ஓவர் போடலாம் என்று கிரிக்கெட் வாரியங்களே வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான். நம்மூர் மைதானத்தில் யார் எண்ணுகிறார்கள்? நன்றாகப் போடுகிற பையனிடமே பந்து திரும்பத் திரும்பப் போகிறது. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உன் சம்பந்தியம்மாள் 'பிறவிக் கோளாறு' என்று சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. இந்த விரிசலோடு குழந்தைகள் பிறப்பதில்லை. பிறந்ததிலிருந்து நடக்கவே முடியாமல் இருந்த 143 பேரின் முதுகைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1981இல் வெளியானது. ஒருவருக்குக்கூட இந்த விரிசல் இல்லை. மனிதன் நிமிர்ந்து நின்று நடப்பதற்குக் கொடுக்கும் விலை இது. பெரியவர்களை எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேருக்கு இருக்கும், பலருக்குத் தெரியவே தெரியாது.

நிமிர்ந்து நடப்பது பற்றிப் பேச்சு வந்ததால் உனக்குப் பிடித்த மாதிரி ஒரு விஷயம் சொல்கிறேன். இடுப்பு வளைவு உண்டாவதற்கு, கீழ் எலும்புகள் முன்பக்கம் உயரமாகவும் பின்பக்கம் குட்டையாகவும் இருக்க வேண்டும். ஆண்களுக்கு இப்படி இரண்டு எலும்பு, பெண்களுக்கு மூன்று. வயிற்றில் பிள்ளை வளர வளர எடை முன்னால் தள்ளும்போது பின்னால் சாய்ந்து சமாளிக்கத்தான் அந்த மூன்றாவது. 2007இல் வெளியான ஆய்வு. ஏறக்குறைய இருபது லட்சம் வருடத்துக்கு முந்தைய ஆதிமனித இனத்தின் புதைபடிவங்களிலேயே இந்த வித்தியாசம் தெரிகிறதாம். நாலு பெற்ற உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

சரி, தேர்வு விஷயம். வலி குறைந்துவிட்டது, ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஜனவரியில் போடட்டும் என்று கோச் சொல்வதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் கோமதி. கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். வலி சில வாரத்தில் போய்விடும். எலும்பு கூட மாதக்கணக்கு ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காலம்தான் ஆபத்து, ஏனென்றால் பையனும் நன்றாக இருப்பான், பார்க்கிறவர்களுக்கும் நன்றாக இருப்பதாகவே தெரியும். அந்த நேரத்தில் பந்து போட்டால் நீர் கோத்த இடம் விரிசலாகும், பிறகு மறுபக்கமும் விடும். இரண்டு பக்கமும் விட்டால் கொக்கி கழன்று எலும்பு முன்னால் நகரத் தொடங்கலாம். மூன்று நாலு மாதம் பந்தையே தொடாமல் இருந்து, பிறகு பிசியோ சொல்கிற கணக்கில் மெல்ல மெல்ல ஓவரைக் கூட்ட வேண்டும். பழைய வேகத்துக்கு வர ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆவது வழக்கம். நடக்கலாம், பள்ளிக்குப் போகலாம், படுக்கையிலேயே கிடக்க வேண்டியதில்லை. வயிறு, முதுகுத் தசைகளுக்கு பிசியோ கொடுக்கும் பயிற்சியை விடாமல் செய்யட்டும். சுளுக்கு எடுக்கிறவரிடம் மட்டும் கூட்டிப்போகாதே. அந்த இடத்தைப் பின்னால் வளைத்து முறுக்குவதுதான் இப்போது கூடவே கூடாத காரியம்.

அவன் அறையில் பும்ரா படம் ஒட்டியிருப்பதாகச் சொன்னாயே, அவனிடம் இதைச் சொல். பும்ராவுக்கும் 2019இல் இதே மாதிரி கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்தான், அதாவது திரும்பத் திரும்ப அழுத்தி வரும் எலும்பு விரிசல். 2022 டி20 உலகக் கோப்பைக்கு முதுகு விடவில்லை. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை, ஆகஸ்டில் அயர்லாந்தில் மறுபடி பந்து வீசினார். 2024இல் டி20 உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது தொடர் நாயகன் அவர்தான். மருமகனிடம் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி கதையைச் சொல். 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடும்போது கீழ்முதுகு எலும்பு விட்டுப்போய், ஆறு வாரம் உடம்பில் பிளாஸ்டர் கட்டோடு இருந்தார். பெர்த்தில் ஃபிராங்க் பைக் என்ற உடற்கல்விப் பேராசிரியர் அவருக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்தார். ஓடினார், உடம்பைத் தேற்றினார், பந்து வீசும் முறையையும் மாற்றிக்கொண்டார். அடுத்த டெஸ்ட் ஆடியது 1974 நவம்பரில். ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்த அந்த மனிதர் 1984இல் ஓய்வு பெறும்போது 355 விக்கெட் எடுத்திருந்தார், அன்றைக்கு அது உலக சாதனை. பிறகு 1987இலிருந்து சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் நம் பிள்ளைகளுக்கு வேகப்பந்து கற்றுக்கொடுத்தவரும் அவரே. ஒரு ஜனவரித் தேர்வைத் தவறவிட்டால் அவன் கிரிக்கெட் முடிந்துவிடாது.

உன் முதுகைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், எல்-4, எல்-5 நடுவில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று. வலி காலுக்கு இறங்காதவரை அந்த வரிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு ஜவ்வு பிதுக்கம் இருந்தது, எண்பது வயதில் 84 பேருக்கு. நம் வயதில் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். காலையில் நடப்பதை நிறுத்தாதே. பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்காதே.

இங்கே எல்லாரும் சுகம். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போது பேப்பரை எழுத்து விடாமல் படிக்கிறார். ஹாஸ்டலில் நம் பக்கத்து அறையில் இருந்தாளே விஜயா, அவள் மகளோடு கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டாள்.

அடுத்த ஸ்கேன் எடுத்ததும் ரிப்போர்ட் பேப்பரோடு நிறுத்தாமல் சி.டி.யையும் கேட்டு வாங்கிக் கூரியரில் அனுப்பு. எனக்குப் படம் வேண்டும், எங்கள் ரேடியாலஜிக்காரரிடமும் ஒரு தடவை காட்டிவிடுகிறேன். அதுவரை பந்தும் ஷூவும் உன் பீரோவில் இருக்கட்டும், சாவி உன்னிடமே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையனை எனக்குப் போன் பண்ணச் சொல். நேரடியாக அவனிடமே பேசுகிறேன். பதினாறு வயசுப் பிள்ளைக்கு 'போகாதே' என்று சொன்னால் மட்டும் போதாது, காரணத்தையும் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
செல்வி