கோபுரம் செத்துக் கிடந்த நேரத்துக்கும் காசா?

ஜாம்பியாவில் எங்களுக்குச் செல்பேசிச் சேவை தரும் நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்றுக்கும் ‘உங்கள் புகார் எங்களுக்கு முக்கியமானது’ என்று ஒரே பதில். தமிழில் எழுதினாலும் பலன் அதேதான் என்பதால், எனக்கு வாய் கூசாமல் பேச வருகிற மொழியில் எழுதுகிறேன்.

2024-ல் கரிபா அணையில் தண்ணீர் வற்றியது உங்களுக்குத் தெரியும். நாட்டின் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஆற்று நீரை நம்பி இருந்தது, மழை பொய்த்தது, அந்த வருடம் பிப்ரவரி கடைசியில் அரசே வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தது. மார்ச்சில் 8 மணி நேரமாகத் தொடங்கிய மின்வெட்டு, வருடம் முடிவதற்குள் எங்கே போய் நின்றது என்பதும் தெரியும். வானத்திடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்க மாட்டேன். என் கோரிக்கை ஒன்றுதான். உங்கள் செல்பேசிக் கோபுரம் செத்துக் கிடக்கிற நேரத்தை எங்கள் ‘பண்டில்’ (குறிப்பிட்ட நேரத்துக்கு என்று காசு கட்டி வாங்கும் செல்பேசித் திட்டம்) கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்த அக்டோபரில் நடந்தது இது. நான் பெடாவுக்கே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். பாஸ்போர்ட் வேலையாகத் தலைநகர் லுசாகா போன என் மனைவி, காலை பஸ்ஸில் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தாள். சுமார் 400 கிலோமீட்டர். மத்தியானம் மூன்று மணிக்கு 24 மணி நேர பண்டில் ஒன்று வாங்கினேன். நான்கு மணிக்குக் கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போனது. பெருஞ்சாலையோரம் போய் நின்றேன். ஏழானது, எட்டானது. இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 5 மணி வரை பயணிகள் பஸ் ஓடக்கூடாது என்று 2016-லிருந்து இங்கே சட்டம். நல்ல சட்டம்தான், அந்தச் சாலையின் இரவு விபத்துகளைப் பார்த்தவன் குறை சொல்ல மாட்டான். ஆனால் ஒன்பது அடித்ததும், இனி அவள் இன்றைக்கு வரமாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. எங்கே இருக்கிறாள், பஸ் நிற்கிறதா கவிழ்ந்ததா, எதுவும் தெரியாது.

எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். பள்ளிக்குப் பின்னால் இருக்கிற கறையான் புற்றின் மேல் ஏறி, கையைத் தூக்கிப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் உச்சியில் நின்றால் சில சமயம் தூரத்துக் கோபுரம் ஒரு கோடு சிக்னல் கொடுக்கும். பக்கத்து வீட்டு அம்புயா (பாட்டி), அந்த வயதில், லுசாகாவில் இருக்கிற மகனோடு பேச அதில்தான் ஏறுவார். நான் பிறந்த ஊரில் புற்றுக்குப் பால் ஊற்றுவார்கள். இங்கே அதன் தலைமேல் நின்று உங்களைக் கும்பிடுகிறோம். அன்றைக்கு அந்த ஒரு கோடும் இல்லை. கோபுரத்தடிக் காவலாளியைப் போய்க் கேட்டால், பேட்டரி இறங்கிவிட்டது, ஜெனரேட்டருக்கு டீசல் வரவில்லை என்று கையை விரித்தார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் வந்து இறங்கினாள். லுவாங்குவா பாலம் தாண்டி பஸ் பழுதாம், இரவெல்லாம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாளாம். மாலை ஐந்துக்குக் கோபுரம் உயிர் பெற்றது. என் போனில் முதலில் வந்து விழுந்தது உங்கள் செய்தி: ‘உங்கள் பண்டில் காலாவதியாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள்.’ அதற்குப் பிறகுதான் அவளுடைய ஏழு செய்திகள், ஒவ்வொன்றாக. ‘பஸ் நின்றுவிட்டது.’ ‘பயப்படாதீங்க.’ ‘ஏன் பதில் இல்லை?’ அனுப்பியவள் அடுப்படியில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள்.

ஐயா, 24 மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது சுமார் ஒரு மணி நேரம். மீதி சுமார் 23 மணி நேரத்துக்கு நான் கட்டிய குவாச்சாப் பணம் எங்கே போனது? தொகை சின்னதுதான். சந்தையில் தக்காளி விற்று, நாளுக்கு நாள் சின்னச் சின்ன பண்டிலாக வாங்குகிறவர்களுக்கு அது சின்னது இல்லை. சிக்னல் இல்லாவிட்டால், செல்பேசிக் கணக்கில் இருக்கிற பணத்தை எடுக்கும் ‘மொபைல் மனி’ கூண்டில் அவர்கள் பணமும் வெளியே வராது. மாவு மில்லில் கடன் சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஊர் முழுக்கக் கடைச் சுவர்களுக்கு உங்கள் நிறத்தில் பெயிண்ட் மட்டும் தவறாமல் அடிக்கிறீர்கள். அந்தச் சுவர்களைக் குடைந்து டீசல் எடுக்க முடிந்தால் நாங்களே எடுத்துக்கொள்வோம். இந்த நாட்டில் பஸ் ஆள் நிரம்பாமல் கிளம்பாது, சாலைக் குழி மழைக்காலம் வராமல் யார் கண்ணிலும் படாது, நீங்கள் மட்டும் நிமிஷக் கணக்கு தவறுவதே இல்லை!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். எந்தக் கோபுரம் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு எழுந்தது என்ற கணக்கு உங்கள் கணினியிலேயே இருக்கும். அந்த மணிகளை பண்டிலோடு கூட்டிக் கொடுங்கள், போதும். கூட்டல் கணக்குதான். ஆள் இல்லையென்றால் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பி வைக்கிறேன்.

தயவுசெய்து பரிசீலியுங்கள். பதில் அனுப்புவதாக இருந்தால் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் அனுப்புங்கள். இந்த வாரம் அந்த நேரத்தில்தான் எங்களுக்குக் கரண்ட்.

இப்படிக்கு,
பெடாவுக்கே பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார்