முகவாதமும் அக்குபஞ்சரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகவாதத்தால் வாய் கோணியவர்களை அக்குபஞ்சர் மூலம் முழுமையாகக் குணப்படுத்தியதாகக் கூறும் விளம்பரங்கள் பெருகி வருகின்றன. கோணிய முகத்தையும் நேரான முகத்தையும் அவற்றின் படங்களில் அருகருகே பார்க்கும் எவருக்கும் நம்பிக்கை பிறப்பது இயல்பே. ஆனால், காரணம் தெளிவாகத் தெரியாமல் திடீரென வரும் ‘பெல்’ முகவாதத்தில், ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே சில மாதங்களில் முகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை.

முகத் தசைகளை இயக்கும் ஏழாம் மூளை நரம்பு, காதை ஒட்டிய எலும்பினுள் குறுகிய பாதை ஒன்றின் வழியே வருகிறது; அங்கே அது வீங்கினால் விரிய இடமின்றி நசுங்கிச் செயலிழக்கிறது. வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரட்னிசோலோன் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதன் பயன் ஐயமற நிறுவப்பட்டது. ஸ்காட்லாந்தில் 551 பேரைச் சேர்த்து நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாத முடிவில் இம்மருந்தை எடுத்தவர்களில் 94 விழுக்காட்டினரும், எடுக்காதவர்களில் 82 விழுக்காட்டினரும் முழுமையாகத் தேறியிருந்தனர்.

அக்குபஞ்சர் பயனற்றது என்று நான் வாதிட வரவில்லை. கனடா மருத்துவச் சங்க இதழில் 2013இல் வெளியான சீன ஆய்வில், ஊசியைச் செருகியபின் வலுவாகத் தூண்டப்பட்டவர்கள், வெறுமனே செருகப்பட்டவர்களைவிட ஆறு மாதங்களில் நன்றாகத் தேறினர். ஆனால் அந்த இரு பிரிவினருக்குமே ஸ்டீராய்டு மாத்திரையும் தரப்பட்டது. ஊசியே போடாத பிரிவு ஒன்று ஒப்பீட்டுக்கு இல்லை. விரலால் தொட்டே குணப்படுத்துவதாகக் கூறும் நம்மூர்த் தொடு சிகிச்சையாளர்கள் இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க இடமே இல்லை. இதற்கு முன்பு, 2010இல், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் அமைப்பும், அவற்றின் தரம் ஒரு முடிவுக்கு வரப் போதாது என்றே கூறியது.

எனவே என் கவலை ஊசியைப் பற்றியதன்று. “ஆங்கில மருந்து வேண்டாம், நிறுத்திவிட்டு வாருங்கள்” என்ற அறிவுரையைப் பற்றியது. அதைக் கேட்டுக் கடத்தும் மூன்று நாள்கள் மீண்டும் கிடைப்பதில்லை. அதைவிட அபாயம், பக்கவாதத்தை முகவாதம் என்று எண்ணி ஊசிக்குப் போய் உட்காருவது. வாய் கோணியிருந்தும் அதே பக்க நெற்றியைச் சுருக்க முடிந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும். மூட முடியாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும், இரவில் இமையை மூடி ஒட்டுவதும் தேவை. இல்லாவிட்டால் கருவிழியில் புண் வரலாம். ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரை அளவை ஏற்றும் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாய் கோணி வருபவர் மருத்துவரைப் பார்த்தாரா என்று முதலில் கேட்டு, பார்க்காதவரை அன்றே மருத்துவமனைக்கு அனுப்புவதை அக்குபஞ்சர் நிலையங்களுக்குக் கட்டாயமாக்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு, மாத்திரையை நிறுத்தாமல், விரும்புவோர் முறையாகப் பயின்றவரிடம் ஊசி போட்டுக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர்,
மதுரை.