பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி ஆய்வின்போது மாணவர், பெற்றோர், பணியாளர் மூன்று தரப்பின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் யார் முன்னால், எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பெடுத்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒருமுறை என் ஏழாம் வகுப்புக்கு ஆய்வு அதிகாரி வந்தார். அவர் பக்கத்தில் தலைமை ஆசிரியர், கதவோரம் நான். "ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டார். வகுப்பே ஒரே குரலில் "இல்லை சார்" என்றது. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி குறிப்பெழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். மதியம் அவளைக் கூப்பிட்டு விசாரித்தேன். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். தினமும் அதே கட்டடத்தில் இருந்த எனக்கு அது தெரியவில்லை. இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 12-ஆம் பிரிவில் சொல்கிறது. அது 1989-இல் வந்தது. இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பின் ஆய்வாளர்கள், ஆசிரியர்கள் உடன் இல்லாமல் மாணவர்களிடம் பேசுகிறார்கள். எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும். நாலைந்து பேராக உட்கார வைத்துப் பேசினால் கூச்சம் விடும். அந்த நாலைந்து பேரையும் பள்ளி பொறுக்கி அனுப்பக் கூடாது. வருகைப்பதிவேட்டைத் திறந்து ஆய்வாளரே பெயர்களை எடுக்கட்டும்.

பெற்றோர் விஷயத்திலும் இதே கதைதான். கூட்டத்துக்குத் தவறாமல் வருகிற பத்துப் பேரைக் கேட்டுவிட்டு, பெற்றோர் கருத்து என்று எழுதிவிடுகிறார்கள். படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பி வகுப்பாசிரியரிடமே திருப்பித் தரச் சொன்னால், தன் பிள்ளையை அவர் எப்படி நடத்துவாரோ என்ற பயத்தில் எந்த அம்மா மனதில் இருப்பதை எழுதுவாள்? இங்கிலாந்தில் 2011-இலிருந்து 'பேரண்ட் வியூ' என்ற இணையப் படிவம் இருக்கிறது. பெற்றோர் அதை நேராக ஆய்வு அமைப்புக்கே அனுப்பலாம். சரி, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்? வாசலில் பிள்ளையை அழைத்துப்போக வரும்போது நின்று பேசினாலே போதும்.

பணியாளர் என்றால் ஆசிரியர்கள் மட்டும் இல்லை. துப்புரவுப் பணியாளரையும் காவலாளியையும் கேளுங்கள். எந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறது, யார் அழுதுகொண்டே வெளியே வருகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். தற்காலிகப் பணியில் இருப்பவர்களின் பெயர் வெளியே வரவே கூடாது.

ஒருவர் கோபத்தில் சொன்னதை அப்படியே அறிக்கையில் ஏற்றுவதும் தவறு. தாழ்ப்பாள் இல்லை என்றால் போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

அப்புறம் ஒன்று. அறிக்கை வந்ததும், பிள்ளைகள் சொன்னது என்ன, அதற்குப் பள்ளி செய்யப்போவது என்ன என்று அவர்களுக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதி வகுப்பில் வாசிக்க வேண்டும். அடுத்த ஆய்வுக்கு வருபவர் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றி வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்