அம்மாவுக்கு, லீட்ஸிலிருந்து

அன்புள்ள அம்மா,

செல்வி அக்கா கொண்டுவந்த பருப்புப் பொடிக்கு அடியில் உன் கடிதம் இருந்தது. பொடி பாதி தீர்ந்துவிட்டது, பதில்தான் இன்னும் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

இங்கே இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. கடுகு தாளித்தால் புகை அலாரம் கத்தும். கீழ்வீட்டுத் தாத்தா ஒரு வார்த்தை பேசாமல் மேலே வந்து, செய்தித்தாளால் அதற்கு விசிறிவிட்டுப் போவார். இதுவரை என் பேரைக் கேட்டதில்லை.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் வேலை வாங்கித் தருகிற படிப்பா என்று மேலவீட்டு ஆச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். பல் தேய்ப்பது, சேலை கட்டுவது, சோறு வடிப்பது எல்லாமே எங்களுக்கு ஆக்குபேஷன்தான். நோயில் விழுந்து அதெல்லாம் முடியாமல் போனவர்களை மறுபடி செய்ய வைக்க வேண்டும். போன வாரம் பக்கவாதம் வந்த ஒரு பாட்டியை வார்டுச் சமையலறைக்குக் கூட்டிப்போய் டீ போடச் சொன்னோம். கெட்டிலில் தண்ணீர் பிடித்தார், சுவிட்சைப் போட மறந்தார், பச்சைத் தண்ணீரையே டீத்தூள் பையின்மேல் ஊற்றினார். எனக்குக் கை துறுதுறுத்தது. தொடக்கூடாது. சும்மா நிற்கத்தான் ரெண்டு வருஷப் படிப்பு என்று அப்பாவிடம் சொல்லிவிடாதே.

சைக்காலஜி டிகிரி இருந்ததால்தான் எனக்கு ரெண்டு வருஷ எம்.எஸ்சி. இல்லாவிட்டால் மூன்று வருஷ பி.எஸ்சி. என்னோடு வார்டில் நிற்கும் ஒருத்தி முன்பு தெரபி உதவியாளராக இருந்தவள். இப்போது அப்ரண்டிஸாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே அதே டிகிரியைப் படிக்கிறாள், அவளுக்குக் கட்டணமே கிடையாது. கொஞ்சம் பொறாமைதான். எந்த வழியில் வந்தாலும் 1,000 மணி நேரமாவது பயிற்சி முடித்து, இங்கே எங்களைப் போன்ற தொழில்களைப் பதிவு செய்கிற எச்.சி.பி.சி. அமைப்பின் பதிவேட்டில் பேர் ஏறினால்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு 640 ஆகிவிட்டது.

சனி, ஞாயிறு ஒரு கடையில் நிற்கிறேன், பொழுதுபோகத்தான். அடுத்த தவணையைப் பற்றி அப்பா கேட்டால், பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லு.

அந்தப் பாட்டி டீ போட்ட அன்று ராத்திரி எனக்குக் காபி ஆற்ற வேண்டும்போல் இருந்தது. டபராவுக்கு எங்கே போவது? ரெண்டு மக்கில் ஆற்றினேன். நீ ஆற்றுகிற சத்தம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டேன். சரி, விடு.

வள்ளிக்கும் இந்தப் படிப்புதான் ஆசை என்றால் வேலூர் சி.எம்.சி.யிலேயே பி.ஓ.டி. இருக்கிறது. பிளஸ் ஒன்னில் பயாலஜியை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

பெரியப்பாவுக்குச் சட்டை போடும்போது, வராத கையில் முதலில் ஏற்றச் சொல்லு. கழற்றும்போது நல்ல கை முதலில். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள் கெட்டுவிடும். பெரியம்மா ஊட்டிவிட வேண்டாம். தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. சிந்தினால் சிந்தட்டும்.

தெற்கு வயலை மாமா பேருக்கு எழுதுகிற பேச்சை நான் வரும்வரை தள்ளிப்போடு. அப்பா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பட்டா நகலைப் படம் எடுத்து வள்ளியை அனுப்பச் சொல்லு, அப்பாவுக்குத் தெரியாமல்.

உன் மகள்,
கோமதி