கேஸ்கேட் என்று நீங்கள் விற்ற 40 ஹாப்ஸ் கிழங்குகள் பற்றிய புகார்

நாற்றுப்பண்ணை நிர்வாகத்துக்கு,

வணக்கம். உங்களிடம் ஆறு வருடமாக வாங்குகிறேன். எங்கள் வீட்டு மல்லிகை, முருங்கை, செம்பருத்தி எல்லாமே உங்கள் பண்ணையிலிருந்து வந்தவைதான், ஒன்றுகூட சோடை போகவில்லை. போன் பண்ணினால் தமிழிலேயே பேசுகிறீர்கள், அதனால் இந்தப் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். 2023 ஏப்ரலில் உங்களிடம் பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் கொடியான ஹாப்ஸின் கிழங்கு 40 வாங்கினேன், கேஸ்கேட் ரகம், ஒன்று 7 டாலர். பெட்டியில் ‘கேஸ்கேட், பெண் செடி’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது கேஸ்கேட் இல்லை.

நாங்கள் ஓரிகன் மாநிலத்தில் சேலம் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம். கொட்டகையை ஒட்டி சென்டெனியல் என்ற இன்னொரு ஹாப்ஸ் ரகத்தில் எட்டுக் கொடிகள் ஐந்து வருடமாக நிற்கின்றன, வருடா வருடம் செப்டம்பரில் பக்கத்து ஊர் பியர்க்காரர் பச்சைப் பூவாகவே வாங்கிக்கொள்வார். பறித்து ஒரு நாளைக்குள் கொதிகலத்தில் போட்டுவிட வேண்டும் என்பதால் பக்கத்திலேயே பூ கிடைப்பது அவருக்கு வசதி. “கேஸ்கேட் இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன்” என்றார், அதை நம்பித்தான் இறங்கினோம். கேஸ்கேட் இந்த மண்ணின் ரகம், இங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கும் கொர்வாலிஸில் உருவாக்கி 1972இல் வெளியிட்டது. இந்த ஊரில் விளையாது என்று யாரும் சொல்ல முடியாது.

நாங்கள் ஒன்றும் அரைகுறையாக நடவில்லை. பதினெட்டு அடிக் கம்பங்கள் நட்டு, மேலே கம்பி இழுத்து, ஒவ்வொரு செடிக்கும் தேங்காய் நார்க் கயிறு இறக்கினோம். (அந்தக் கயிற்றுக் கட்டில் இலங்கையில் செய்தது என்று அச்சடித்திருந்ததை என் மனைவி அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.) முதல் வருடம் வேர் பிடிக்கட்டும் என்று பூவை எதிர்பார்க்காமல் விட்டோம். இரண்டாம் வருடம், அதாவது இந்த மே மாதம், முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு செடியிலும் நல்ல தளிராக மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளி, கொடி வலஞ்சுழியாகத்தான் ஏறும் என்பதால் அந்தப் பக்கமாகவே கயிற்றில் சுற்றிவிட்டோம். சொரசொரப்பான தண்டு, முழங்கை வரை சிவந்துபோனது. ஜூன் கடைசியில் கம்பி வரைக்கும் ஏறிவிட்டது. 34 செடி தேறியிருந்தது.

ஜூலை இரண்டாம் வாரம் பூ வந்தது. பெண் கொடி என்றால் கணுவில் வெள்ளை மயிர் சிலிர்த்த மாதிரி சின்னச் சின்ன முடிச்சாக வரும், அதுதான் பிறகு கூம்பாகத் திரளும். எங்கள் மூன்றாவது வரிசையில் தொங்கியது வேறு. கொத்துக் கொத்தாக, ஐந்து இதழ் விரிந்த வெளிர்பச்சைப் பூ. விரலால் தட்டினேன், மஞ்சள் பொடி உள்ளங்கையில் கொட்டியது. மகரந்தம். எண்ணிப் பார்த்தோம், 34இல் 15 ஆண் கொடி.

இது எப்படி நடக்கும் என்று எனக்குப் புரியாமல் இல்லை. என் அப்பாவுக்குச் சோழவந்தானில் கொடிக்கால் இருந்தது. வெற்றிலைக் கொடியை அங்கே யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை, தண்டை வெட்டித்தான் நடுவார்கள், தாய்க்கொடி எதுவோ அதேதான் வரும். ஹாப்ஸ் கிழங்கும் அப்படித்தான். கேஸ்கேட் ஒரு பெண் கொடி. அதன் கிழங்கை வெட்டி நட்டால் பெண்ணாகத்தான் வளரும், ஆண் வரவே வராது. விதையிலிருந்து முளைத்தவற்றில்தான் ஆணும் பெண்ணும் கலந்து வரும். ஆக, எப்போதோ விதையில் முளைத்த செடிகளின் கிழங்கை வெட்டி, கேஸ்கேட் என்று சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். மீதி 19 பெண் கொடிகளும் இதையே சொல்கின்றன. ஒன்றில் உருண்டையாகக் கூம்பு, இன்னொன்றில் நீளமாக. கசக்கினால் கேஸ்கேடின் கிரேப்ஃப்ரூட் வாசனை ஒன்றில்கூட இல்லை. இரண்டு கொடியில் பச்சைப் பூண்டு வாசனை, மற்றதில் வெறும் புல் வாசனை.

ஜூலையில் எழுதிய மின்னஞ்சலுக்கு மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு போனில் பேசிய தம்பி, மரியாதையாகத்தான் பேசினார், “வெயிலுக்கும் மண்ணுக்கும் ஏற்றபடி சில சமயம் மாறும் சார்” என்றார். பெண் கொடி வாட்டத்தில் இருந்தால் நுனியில் இரண்டொரு ஆண் பூ எட்டிப் பார்ப்பது உண்டு, அது எனக்கும் தெரியும். என் தோட்டத்தில் அடியிலிருந்து நுனி வரை ஆண் பூ, ஒரு கூம்பு கிடையாது, அதுவும் 15 கொடியில். படம் அனுப்பியிருக்கிறேன், திறந்து பாருங்கள். அப்புறம் 30 நாள் உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று சொல்லி, அடுத்த வாங்கலுக்கு 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினீர்கள். பூ வந்தால்தான் ஆணா பெண்ணா என்று தெரியும், பூ வர மாதக் கணக்கில் ஆகும், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். இந்தச் செடிக்கு 30 நாள் உத்தரவாதம் யாருக்கு உதவும்?

பணம் எனக்கு இரண்டாவதுதான். எங்கள் பழைய சென்டெனியலும் கெட்டுப்போனது, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆண் கொடிகளைக் கண்டுபிடித்து வெட்டுவதற்குள் நாலைந்து நாள் மகரந்தம் காற்றில் போயிருக்கிறது. செப்டம்பர் முதல் வாரம் பூவைக் கொண்டுபோனேன். பியர்க்காரர் ஒரு கூம்பை எடுத்து நகத்தால் இதழ் இதழாகப் பிரித்தார். அடியில் கசப்பும் வாசனையும் தரும் மஞ்சள் லூபுலின் தூள் நன்றாகவே இருந்தது, கூடவே பழுப்பு நிறத்தில் விதை. ஒரே கூம்பிலிருந்து ஆறு விதை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். விதை இருந்தால் எடைதான் கூடும், அதில் இருக்கும் எண்ணெய் பியருக்கு ஆகாது. போன வருடம் என்னிடம் 30 பவுண்டு வாங்கியவர் இந்த வருடம் ஒன்றும் வாங்கவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை, நான் அவர் இடத்தில் இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் இந்தப் பக்கம் ஹாப்ஸ் போடுகிறவர்கள் நான் மட்டும் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார். அவரிடம் நானே போய்ச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு முகமே இல்லை.

இந்தக் குளிரில் எல்லாவற்றையும் தோண்டி எடுக்க வேண்டும். விரல் நீளத் துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைக்கும், அடுத்த வருடமும் தேடித் தேடிப் பிடுங்க வேண்டியதுதான்.

நான் கேட்பது இவ்வளவுதான். 280 டாலரையும் அனுப்பிய செலவு 24 டாலரையும் கூப்பனாக இல்லாமல் பணமாகத் திருப்பித் தாருங்கள். 2023இல் அதே பாத்தியிலிருந்து யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்பது உங்கள் கணக்கில் இருக்கும், அவர்கள் எல்லாருக்கும் வரும் ஜூனுக்குள், பூ விடுவதற்கு முன்னால், எழுதிச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒரு கொடி வாங்கியவருக்கு எதற்குக் கூம்பு வரவில்லை என்றே தெரியாமல் இருக்கும், பக்கத்துத் தோட்டக்காரருக்கு விதை எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தாய்ச்செடி எதுவென்று உறுதியாகும் வரை அந்தப் பாத்தியிலிருந்து கேஸ்கேட் என்று எதையும் விற்காதீர்கள். வாஷிங்டன் மாநிலம் ப்ராஸரில் உள்ள மையத்தில் நோய் சோதித்த ஹாப்ஸ் தாய்ச்செடிகள் வைத்திருக்கிறார்கள், அங்கிருந்து வாங்கிப் புதிதாகத் தொடங்கலாம்.

உலர்த்திய ஆண் பூங்கொத்துகள், விதையோடு பிரித்த கூம்புகள், உங்கள் பெட்டிச் சீட்டு மூன்றையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது நேரில் வந்து பார்ப்பதாக இருந்தால் அக்டோபர் கடைசிக்குள் வாருங்கள், அதற்குப் பிறகு தோண்ட ஆரம்பித்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஆறு வருட வாடிக்கையாளர், சேலம், ஓரிகன்