உருக்குக் கசடைப் பரிசோதித்த பின்னரே பயன்படுத்துக

ஆசிரியருக்கு,

உருக்கு உற்பத்தியில் எஞ்சும் கழிவான உருக்காலைக் கசடைக் கொண்டு சுரங்கங்களின் அமில நீரைச் சுத்திகரிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை வரவேற்கத்தக்கது. சுரங்கத்தில் வெளிப்படும் பைரைட்டு என்ற இரும்பு–கந்தகக் கனிமம் காற்றோடும் நீரோடும் தாக்கமுற்றுக் கந்தக அமிலத்தைத் தோற்றுவிக்க, அது பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்து ஆறுகளில் சேர்க்கிறது. கசடிலுள்ள சுண்ணாம்புச் சேர்மங்கள் அந்த அமிலத்தை நடுநிலையாக்கும்போது இரும்பும் அலுமினியமும் வீழ்படிவாகப் பிரிகின்றன. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ நிலக்கரிப் பகுதிகளில் இம்முறை கையாளப்பட்டுள்ளது. ஆனால், கட்டுரை போதிய அழுத்தம் கொடுக்காத விடயம் ஒன்றுண்டு: கசடின் சேர்க்கை ஆலைக்கு ஆலை மாறுபடும்; சிலவற்றிலிருந்து குரோமியமும் வனேடியமும் நீரில் கசியக்கூடும்.

யாழ்ப்பாணத்தில் அத்தகைய சுரங்கங்கள் இல்லை. எனினும் கசடு வீதி அமைப்புக்கும் நிலம் நிரவுவதற்கும் பயன்படக்கூடிய பொருள் என்பதாலும், நமது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தில் விழும் எதுவும் கிணற்றை விரைவில் அடையும் என்பதாலும், இது நமக்கும் உரிய கவலையே. சுன்னாகத்தில் எங்கள் கிணற்று நீரில் எண்ணெய்ப் படலம் தென்பட்ட பின்னர், நாங்களும் அயலவர்களும் குடிநீருக்குப் பவுசரையே நம்பியிருக்க நேர்ந்தது. ஆகவே, கசடை எங்கு பயன்படுத்துவதாயினும் முன்கூட்டியே கசிவுப் பரிசோதனை செய்து, அதன் முடிவைப் பிரதேச சபையில் மக்கள் பார்வைக்கு வைப்பதை மத்திய சுற்றாடல் அதிகாரசபை கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
சுன்னாகம்.