உமாவுக்கு: சால்ஸ்பர்க்கில் அந்த வீட்டைத் தேடாதே

அன்புள்ள உமா,

ஜூன் மாதம் மியூனிக்கிலிருந்து அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு இரண்டு பகல், ஓர் இரவு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போகப்போவதாக எழுதியிருந்தாய். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் வருகிற அந்த வீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று அம்மா சொல்வதாகவும் எழுதியிருக்கிறாய். கிளம்புவதற்கு முன்பே அம்மாவிடம் ஒன்றைச் சொல்லிவிடு. அப்படி ஒரு வீடு சால்ஸ்பர்க்கில் இல்லை.

படத்தில் நாம் பார்க்கும் வீடு நாலு துண்டுகளை ஒட்டியது. கதாநாயகி மரியா கிதார் பெட்டியோடு வந்து நிற்கும் முன்வாசல், ஹெல்ப்ரூன் சாலையில் இருக்கும் ஃப்ரோன்பர்க் மாளிகை. ஏரியைப் பார்த்தபடி இருக்கும் பின்பக்கமும், குழந்தைகள் படகு கவிழ்ந்து விழும் தண்ணீரும் ஊரின் இன்னொரு மூலையில், லியோபோல்ட்ஸ்க்ரோன் குளத்தங்கரையில் எடுத்தவை. உள்ளறைகளும் மாடிப்படியும் ஹாலிவுட்டில் போட்ட செட். கண்ணாடி மண்டபம் முதலில் அந்தக் குளத்தங்கரையில்தான் நின்றது. இப்போது ஹெல்ப்ரூன் அரண்மனைப் பூங்காவில் இருக்கிறது. படக்கதைக்கு மூலமான உண்மையான டிராப் குடும்பம் வாழ்ந்த வீடு இது எதுவுமே இல்லை, அது ஐகன் என்ற பகுதியில் இருக்கிறது. இது தெரியாமல் போகிறவர்கள் ஒரு வாசலில் நின்று "ஏரி எங்கே?" என்றும், இன்னொரு கரையில் நின்று "வாசல் எங்கே?" என்றும் கேட்டு ஏமாந்து திரும்புகிறார்கள். வீட்டைத் தேடாமல் கேமரா நின்ற இடத்தைத் தேடினால் ஊர் முழுக்க அம்மாவுக்குக் கிடைக்கும்.

அதற்குக் கிளம்புவதற்கு முன்பே ஒரு வேலையை முடித்துக்கொள். படத்தை ஓடவிட்டு, இடம் தெளிவாகத் தெரியும் பத்துப் பன்னிரண்டு காட்சிகளை நிறுத்தி, படமாக போனில் சேமித்து வை. ஒவ்வொன்றிலும் அசையாத இரண்டு பொருள்களைக் குறித்துக்கொள்: பின்னால் தெரியும் கோட்டை, ஒரு கோபுரம், ஒரு சிலை. அங்கே போய் அந்த இரண்டும் படத்தில் இருப்பதுபோல் ஒன்றுக்கொன்று பொருந்தும்வரை நகர்ந்து நில். கேமரா நின்ற இடம் தானாக வரும். எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். போனின் சாதாரண லென்ஸ் அகலமானது, தூரத்துப் பொருளைச் சின்னதாக்கிவிடும். அதனால் படத்தில் தலைக்கு மேல் எழுந்து நிற்கும் ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டை உன் போட்டோவில் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். அம்மாவை அதே இடத்தில் நிற்க வைத்து, நீ பத்துப் பதினைந்து அடி பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடு. கோட்டை தன் அளவுக்குத் திரும்பி வரும்.

இனி வரிசை. மியூனிக்கிலிருந்து பேயர்ன் டிக்கெட் எடுத்தால் மூவருக்கும் சேர்த்து ஒரே சீட்டு, சால்ஸ்பர்க் பிரதான ரயில் நிலையம் வரை செல்லும். ஆனால் வார நாளில் காலை 9 மணிக்கு முன் அது செல்லாது. பிராந்திய ரயிலில் மட்டும்தான் ஏற வேண்டும், ரெயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் ஏறிவிட்டால் அபராதம். பயணம் சுமார் இரண்டு மணி நேரம். ஆக முதல் நாள் நீங்கள் போய்ச் சேரவே பதினொன்றரை ஆகிவிடும், அந்த நேரத்தில் மிராபெல் தோட்டத்தில் கூட்டம் மொய்க்கும். அதை மறுநாள் விடியலுக்கு வைத்துக்கொள்.

முதல் நாள் மலைமேல் இருந்து தொடங்கு. மோன்ஷ்பெர்க் குன்றுக்கு ஊரிலிருந்து நேராக ஒரு லிஃப்ட் போகிறது, அம்மா ஒரு படிகூட ஏற வேண்டாம். மேலே இப்போது நவீன கலை அருங்காட்சியகம் இருக்கிறது. படம் எடுத்தபோது அங்கே விங்க்லர் என்ற காபிக் கடையின் மாடம் இருந்தது. 'டோ ரே மி' பாட்டில் ஊரே காலடியில் விரிகிறதே, அது இந்த இடம். இங்கிருந்து பார்த்தால் நதி, பாலங்கள், தேவாலயக் குவிமாடம், கோட்டை என்று எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். அடுத்து எங்கே போகிறோம் என்று பையனுக்கு விரல் நீட்டிக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

கீழே இறங்கியதும் பழைய நகரம். மரியா போகிற போக்கில் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போகும் குதிரைகள் ரெசிடென்ஸ் சதுக்க நீரூற்றில் இருக்கின்றன. அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் மோட்சார்ட்ஸ்டெக், குழந்தைகள் ஓடிக் கடக்கும் இரும்பு நடைபாலம். பாட்டுப் போட்டி நடக்கும் அரங்கு செட் அல்ல. மலையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செதுக்கிய ஃபெல்சன்ரைட்ஷூலே. விழா அரங்குகளுக்கான வழிகாட்டிச் சுற்றில் சேர்ந்தால்தான் உள்ளே விடுவார்கள். நேரம் மாறிக்கொண்டே இருக்கும், காலையிலேயே கேட்டு வைத்துக்கொள். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய இசை விழா நடப்பதால் அப்போது இது கடினம். நீ ஜூனில் போவது நல்லதாகப் போயிற்று. குடும்பம் கல்லறைகளுக்குப் பின்னால் ஒளியும் இடம் மட்டும் ஹாலிவுட் செட். அதற்கு முன்மாதிரியான செயின்ட் பீட்டர் கல்லறைத் தோட்டம் அரங்கிலிருந்து கூப்பிடு தூரம்தான், கம்பிக் கதவுகளைப் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

நோன்பெர்க் கன்னிமாடத்துக்கு அம்மாவின் முழங்காலை யோசித்துத்தான் வழி சொல்ல வேண்டும். ஊரின் கீழ்ப்பக்கமிருந்து ஏறினால் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். அதற்குப் பதில் கோட்டைக்குப் போகும் இழுவை ரயிலில் மேலே ஏறி, கோட்டையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து சரிவில் இறங்கி மாடத்துக்கு வந்துவிடலாம். சரிவு செங்குத்து, கற்கள் மழையில் வழுக்கும். அம்மாவுக்கு ரப்பர் அடியுள்ள ஷூ கட்டாயம், செருப்பு வேண்டவே வேண்டாம். மாடத்தின் உள்ளே எந்தக் காட்சியும் எடுக்கவில்லை, விடவும் மாட்டார்கள். குழந்தைகள் மரியாவைத் தேடி வந்து மணியடிப்பதும், கடைசியில் கன்னியர் நாஜிகளின் காரிலிருந்து பாகங்களைக் கழற்றிவிடுவதும் அந்த வெளிவாசலில்தான். சுமார் கி.பி. 714-இல் தொடங்கி இன்றுவரை இடைவிடாமல் கன்னியர் வாழும் மடம் அது. தேவாலயத்துக்குள் போகலாம், ஆனால் வழிபாடு நடக்கும்போது போனை எடுக்காதீர்கள். உண்மை மரியாவுக்கும் குழந்தைகளின் அப்பாவான கேப்டனுக்கும் 1927-இல் கல்யாணம் நடந்தது இந்தக் கோயிலில்தான். படத்துக் கல்யாணம் வேறு ஊரில், அதற்கு அப்புறம் வருகிறேன்.

மாலை ஐந்து மணி வாக்கில் ஒரு டாக்ஸி பிடித்து லியோபோல்ட்ஸ்க்ரோன் குளத்துக்குப் போங்கள். மாளிகை இப்போது ஹோட்டல், தங்குபவர்களைத் தவிர யாரையும் உள்ளே விடுவதில்லை. கதவில் நின்று கெஞ்சுவதில் பயன் இல்லை, தேவையும் இல்லை. குளத்தின் எதிர்க்கரையில் எல்லாரும் நடக்கும் பாதை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மாளிகை, அதன் நிழல் தண்ணீரில், பின்னால் கோட்டை. மாலையில் வெயில் உன் முதுகுப் பக்கம் இருப்பதால் மாளிகை முழுதாக ஒளி வாங்கும். காலையில் போனால் இதே காட்சி மங்கிவிடும். காட்சிகளில் வரும் குளத்தங்கரை முற்றத்தை மாளிகைக்கு அடுத்திருக்கும் இடத்தில் தனியாக அமைத்து எடுத்தார்கள். அதனால் இங்கேயும் எல்லாம் பொருந்தவில்லையே என்று அம்மா தவித்தால், காரணம் அதுதான்.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் மிராபெல் தோட்டத்தில் இருங்கள். நுழைவு இலவசம். வழிகாட்டிகளோடு குழுக்கள் வந்துசேர ஒன்பது ஆகும், அதற்குள் தோட்டம் உங்களுடையது. பெகாசஸ் குதிரை நீரூற்றின் விளிம்பைச் சுற்றித்தான் குழந்தைகள் அணிவகுத்துப் போவார்கள். அதை அடுத்து, மேலே இரண்டு கல் ஒற்றைக்கொம்புக் குதிரைகள் படுத்திருக்கும் படிக்கட்டு; பாட்டின் கடைசிச் சுரம் உச்சத்துக்கு ஏறுவது இந்தப் படிகளில். மேல் படியில் தெற்குப் பார்த்து நின்றால் பூப்பாத்திகளுக்கு அப்பால் நேராகக் கோட்டை. நடுப்பகலில் சூரியன் கோட்டைக்குப் பின்னால் போய்விடும், போட்டோவில் கோட்டை வெளுத்த நிழலாகத்தான் வரும். விடியலில் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும், சுவர்களின் கல்கூடத் தெரியும். பையன் படிகளில் குதிக்கட்டும், ஆனால் சிலைகள் மேலும் நீரூற்று விளிம்பிலும் ஏறவிடாதே. கொடிகள் வளைந்து மூடிய நடைப்பந்தலும் குள்ளர் சிலைகள் இருக்கும் மேடையும் அதே தோட்டத்தில்தான். குளிர்காலத்தில் குள்ளர் தோட்டத்தை மூடிவிடுவார்கள், ஜூனில் கவலை இல்லை.

தோட்டத்து வாசலிலேயே, மிராபெல்பிளாட்ஸ் நிறுத்தத்தில், 25-ஆம் எண் பேருந்து ஹெல்ப்ரூனுக்குக் கிடைக்கும். பூங்கா இலவசம், தந்திர நீரூற்றுகளுக்கு மட்டும் கட்டணம். பையனுக்கு அதை எடுத்துக்கொடு, உட்காரும் கல் இருக்கையிலிருந்தே தண்ணீர் பீய்ச்சும். கண்ணாடி மண்டபத்துக்குப் பலகைகள் வழிகாட்டும். அது பூட்டியே இருக்கும், வெளியிலிருந்து பார்க்க மட்டும்தான். பார்த்ததும் "இவ்வளவு சின்னதா!" என்று அம்மா கேட்கத்தான் போகிறார். உள்ளே ஆடிய ஆட்டத்தை ஹாலிவுட்டில் இதைவிடப் பெரிதாக ஒன்று கட்டி எடுத்தார்கள். பூங்காவிலிருந்து வடக்கே ஊரை நோக்கி நேராகப் போகும் மரச்சாலைதான் ஹெல்ப்ரூனர் அல்லே. கார் வராது, தரை சமம். குழந்தைகள் திரைச்சீலைத் துணி உடுத்தி மரங்களில் தொங்க, கேப்டன் காரில் கடந்து போவது இந்தச் சாலையில்தான். இதே சாலையில்தான் ஃப்ரோன்பர்க்கின் மஞ்சள் சுவரும் வாசலும் வரும். இன்று அது இசைப் பல்கலைக்கழக மாணவர் விடுதி. வெளியே நின்று பார், உள்ளே போகாதே.

மதியத்துக்கு மேல் மொண்ட்சே, வெர்ஃபன் என்ற இரண்டு வெளியூர்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அம்மாவோடு என்றால் தயங்காமல் மொண்ட்சே. படத்துக் கல்யாணம் நடந்த செயின்ட் மைக்கேல் பேராலயம் அங்கே இருக்கிறது. 140-ஆம் எண் பேருந்து, முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். இறங்கியதும் திரும்பும் பேருந்தின் நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொள், தவறவிட்டால் காத்திருப்பு நீளம். வாசலில் நின்று பார்த்தால் நடைபாதை நீண்டு, கோடியில் கறுப்பும் பொன்னுமாக உயர்ந்த பீடம். மரியா நடந்து போன அதே நேர்கோடு. சனிக்கிழமை என்றால் நிஜக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கலாம், ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

வெர்ஃபன், நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு. ரயிலில் முக்கால் மணி நேரம், ஊரிலிருந்து 1.4 கிலோமீட்டர் ஏற்றப் பாதை ஒன்று, 'டோ ரே மி' தொடங்கும் புல்வெளிக்கே கொண்டுபோய் விடும். எதிரே ஹோஹென்வெர்ஃபன் கோட்டை. அதே ஊரில் பனிக்குகையும் இருக்கிறதே என்று அதையும் சேர்த்துவிடாதே, உள்ளே மட்டும் 700 படிகள்.

படத்தின் முதல் காட்சி மலைக்கு ஆசைப்படாதே என்று அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். அது ஆஸ்திரியாவிலேயே இல்லை, எல்லை தாண்டி ஜெர்மனியில், மார்க்ட்ஷெல்லன்பெர்க் ஊருக்கு மேலே மெல்வெக் என்ற இடத்தில் ஒரு விவசாயியின் நிலம். ஜூனில் அந்தப் புல் மாட்டுக்கான தீவனம், மிதித்தால் அவருக்கு நஷ்டம். மரியா கைவைத்துப் போகும் பிர்ச் மரங்களும் ஓடையும் படக்குழு கொண்டுவந்து அமைத்தவை, போனாலும் கிடைக்காது. ஹெலிகாப்டர் காற்றில் ஒவ்வொரு தடவையும் தான் புல்லில் தூக்கி எறியப்பட்டதை மரியாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்த மலைகளைப் பார்க்க வேண்டுமென்றால், அதே 25-ஆம் எண் பேருந்தில் கடைசி வரை போய் உன்டர்ஸ்பெர்க் கம்பிவட வண்டியில் ஏறுங்கள். மேகம் மூடியிருந்தால் மட்டும் பணத்தை வீணாக்காதே. மேலே என்ன தெரிகிறது என்று கீழ் நிலையத்திலேயே கேட்டுவிட்டு ஏறு.

சில்லறை விஷயங்கள். 2025 மே முதல் சால்ஸ்பர்க் மாநிலத்தில் தங்குபவர்களுக்குப் பொதுப் போக்குவரத்துச் சீட்டு விடுதியிலேயே கிடைக்கிறது. கேட்டு வாங்கு. மொண்ட்சே பக்கத்து மாநிலத்தில் இருப்பதால் அங்கேவரை செல்லுமா என்று சேர்த்துக் கேள். அதற்கு மேல் சால்ஸ்பர்க் கார்டு தேவையா என்பது கணக்கு. கோட்டை, மோன்ஷ்பெர்க் லிஃப்ட், ஹெல்ப்ரூன், உன்டர்ஸ்பெர்க் எல்லாம் அதில் அடக்கம். மூன்றையாவது பார்ப்பதாக இருந்தால் 24 மணி நேரக் கார்டே பெரும்பாலும் லாபம், முதல் தடவை நீட்டும்போதுதான் நேரம் ஓடத் தொடங்கும். மழை நூல் நூலாக நாள் முழுக்கப் பெய்யும் ஊர் அது. 1964-இல் படப்பிடிப்பையே வாரக்கணக்கில் இழுத்தடித்த மழை, மூவருக்கும் மழைக்கோட்டு இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். அம்மா சைவம் என்பதால், சீஸ் உருண்டை போட்ட சூப் என்று எழுதியிருந்தாலும் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு, ஆர்டர் செய்வதற்கு முன் கேட்டே ஆக வேண்டும். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பழமும் ரொட்டியும் வாங்கி வை.

திரும்பும் ரயிலில் அம்மாவை இடது பக்க ஜன்னலில் உட்கார வை, உன்டர்ஸ்பெர்க் அந்தப் பக்கம்தான் தெரியும். படத்தில் குடும்பம் நாஜிகளிடமிருந்து மலையேறித் தப்புகிறது. அந்த மலைகளைத் தாண்டினால் வருவது ஜெர்மனி. உண்மையில் அவர்கள் 1938-இல் ரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள். ஃப்ரைலாசிங்கில் ஜெர்மன் போலீஸ் ஏறிச் சோதிப்பது வழக்கம். மூன்று பாஸ்போர்ட்டும் பெட்டிக்குள் போகாமல் உன் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அக்கா